செல்லாக் காசு: சில்லறையின் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

தமிழில் 'நாணயம்' என்றால் காசு. நேர்மை என்றும் பொருள். 'சில்லறை' என்றாலும் காசுதான். ஆனால் அதற்கு அற்பம் என்றும் பொருள். ஒரே உலோகத் துண்டு ஓரிடத்தில் நாணயமாகவும் இன்னோரிடத்தில் சில்லறையாகவும் ஆகிவிடுகிறது. எந்த இடத்தில் எதுவாகிறது என்பதைத் தீர்மானிப்பது உலோகமல்ல, அதை நீட்டுகிற கை. 'சில்லறைப் பசங்க' என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று யோசித்தால் இது விளங்கும்.

பொருளாதாரம் என்றதும் உலக வங்கி, அந்நிய மூலதனம், பட்ஜெட் பற்றாக்குறை என்று பேசிப் பழகியவர்கள் நாம். டெம்போவில் வராமல் போன இரண்டு ரூபாய் மீதியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. 'ரெண்டு ரூபாய்க்குப் போய்ச் சண்டை போடறியே' என்று நம் தோழர்களே சிரிப்பார்கள். ஆனால் அந்த இரண்டு ரூபாயை எப்போதும் ஒரே பக்கத்தில் இருப்பவர்களே இழக்கிறார்கள் என்றால் அது சிரிக்கிற விஷயமில்லை.

1

பத்து ரூபாய்க் காசை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு 2009இல் புழக்கத்துக்கு வந்த, இரண்டு உலோகங்களால் ஆன காசு அது. தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இங்கே புதுச்சேரியிலும் இதை நீட்டியவர்களுக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றையாவது நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'இது இங்க ஓடாது சார்.' 'நோட்டு இருந்தா குடுங்க.' 'நான் வாங்கிக்கறேன், எங்கிட்ட யாரு வாங்கறா?' காசில் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்று ஒரு வதந்தி. ரூபாய்க் குறியீடு இருந்தால்தான் செல்லும் என்று இன்னொன்று. 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி மறுப்பு வெளியிட்டது. 2018 ஜனவரி 17 அன்று மீண்டும் ஓர் அறிக்கை: இதுவரை பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும். அதன் பிறகும் பல கடைகளில் பதில் மாறவில்லை. எனக்கே ஒரு மருந்துக்கடையில், ரிசர்வ் வங்கி அறிக்கையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த ஒருவரிடமிருந்து, 'செல்லும்னு தெரியும், ஆனா வேணாம்' என்ற பதில் கிடைத்தது.

இந்தப் பதிலைக் கவனிக்க வேண்டும். சட்டம் 'செல்லும்' என்கிறது. தெரு 'ஓடாது' என்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 'செல்லும்' என்பது காசைப் பற்றிய கூற்று. 'ஓடும்' என்பது அடுத்த ஆளைப் பற்றிய கூற்று. கடைக்காரர் காசை மறுப்பது அது போலி என்று நம்பி அல்ல. அடுத்தவர் மறுப்பார் என்று நம்பி. அந்த அடுத்தவரும் தனக்கு அடுத்தவரை நினைத்தே மறுக்கிறார். ரிசர்வ் வங்கியின் அறிக்கை காசைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கிறது. அடுத்தவரைப் பற்றிய சந்தேகத்தை அதனால் தொடக்கூட முடியவில்லை.

இதை 'மக்களின் அறியாமை' என்று படித்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதற்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் மொத்தம் 1000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும். அரை ரூபாய்க் காசு என்றால் 10 ரூபாய் வரைக்கும். நோட்டுக்கு இப்படிப்பட்ட வரம்பு கிடையாது. இதன் பொருள் என்ன? பெட்டிக்கடைக்காரர் நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் பத்துப் பத்தாக வாங்கக் கடமைப்பட்டவர். அவருக்குச் சரக்கு போடுகிற மொத்த வியாபாரியோ, பதினைந்தாயிரம் ரூபாய் பில்லுக்குக் காசு மூட்டையைக் காட்டினால், ஆயிரத்துக்கு மேல் வேண்டாம் என்று சட்டப்படியே சொல்லலாம். வங்கியில் செலுத்த வரம்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, உண்மைதான். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, காசை நூறு நூறாகப் பை கட்டி எடுத்துக்கொண்டு போய், கவுன்டரில் எண்ணி முடிக்கும்வரை நிற்கும் ஒரு பகல் பொழுதின் வியாபாரத்தை எந்த வங்கியும் ஈடு செய்வதில்லை.

ஆக, காசு கீழே நுழைகிற வழி அகலம். மேலே ஏறுகிற வழி குறுகல். அது அடியில் தேங்குகிறது. கடைக்காரரின் அச்சம் மூடநம்பிக்கை அல்ல, அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் சரியான கணக்கு. 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய்க்கும் பத்து ரூபாய்க் காசுகளாகவே கொடுத்து ஒரு கார் வாங்கினார் என்ற செய்தி பத்திரிகைகளில் வேடிக்கைச் செய்தியாக வந்தது. வேடிக்கை ஒன்றுமில்லை. அது ஒரு வாதம். கார் விற்றவர்கள் மனம் வைத்ததால்தான் நடந்தது. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தியிருக்காது.

2

காசை நம்பாமல் புரட்டிப் பார்ப்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1736இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து இங்கே ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி பெற்றது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். அடித்தவர் பிரெஞ்சுக்காரர்; காசின் மேல் இருந்ததோ டெல்லி முகலாயப் பேரரசரின் பெயர்; வழங்கிய பெயர் ஆர்க்காட்டு ரூபாய். தன் பெயரைப் போட்டால் உள்நாட்டில் ஓடாது என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. இறையாண்மை பற்றிய பெருங்கதையாடல்கள் எல்லாம் சந்தைக்கு வந்தால் இப்படித்தான் அடுத்தவன் முகத்தை இரவல் வாங்குகின்றன.

வெள்ளி ரூபாயின் கதை அது. செப்புக்காசின் கதை வேறு. பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்று எழுதியது நம்முடைய துட்டுதான். அந்தச் சிறு காசின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரசகுலத்தின் லில்லிப் பூ. மறுபக்கத்தில் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி'. வியாபாரியும் நவாபும் கையாளும் வெள்ளிக்குப் பாரசீகம். கூலிக்காரரும் கீரைக்காரியும் கையாளும் செம்புக்குத் தமிழ். இன்று நிலைமை தலைகீழ். நோட்டின் பின்புறம் பதினைந்து மொழிப் பட்டியலில் தமிழுக்கு ஒரு வரி உண்டு. அன்றாடப் புழக்கத்துக் காசில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தான். படிக்க வேண்டிய தேவை மிக அதிகமாக உள்ளவர்களின் கையில் இருக்கும் பணத்தில் அவர்கள் மொழி இல்லை. கோடுகளை எண்ணிப் பார்த்து நல்லதா போலியா என்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

செம்புக்கும் வெள்ளிக்கும் இடையிலான மாற்று விகிதம் அன்று நிலையாக இருந்ததில்லை. சராப்புகள் நோட்டம் பார்த்து, 'வட்டம்' கழித்துக்கொண்டு மாற்றித் தந்தார்கள். சிறு காசு வைத்திருப்பவர் அதைப் பெரிய காசாக்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழந்தார். வட்டம் என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. செயல் போய்விட்டதா? பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தரப்படும் மீதி பாக்கி, இறங்கும் அவசரத்தில் யாரிடம் தங்குகிறது? 'சில்லறை இல்ல, சாக்லேட் எடுத்துக்குங்க' என்று தரப்படும் மிட்டாயை மறுநாள் அதே கடையில் பணமாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா? தான் வெளியிட்டதைத் தானே திரும்ப ஏற்காத பணம் அது. இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1970களின் நடுவில் இத்தாலியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைகளில் மிட்டாயும் தொலைபேசி வில்லைகளும் மீதியாக வழங்கப்பட்டன. வங்கிகள் 50, 100 லிராவுக்குச் சிறு காசோலைகளை அச்சடித்து விட்டன. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். சந்தாவில் குறைகிற ஐந்து ரூபாயை அஞ்சல் தலைகளாக வாங்கி வைத்துக்கொண்டு நாம் செய்ததும் இதுதான். வித்தியாசம், அஞ்சல் தலையை நம்மால் மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

3

அரசு செல்லும் என்கிறது, மக்கள் மறுக்கிறார்கள். எனவே இது அடித்தள மக்களின் எதிர்ப்பு, அதிகாரத்தின் மீதான கட்டுடைப்பு என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. நம் பக்கங்களில் இப்படி வாசிப்பது சுலபம். ஆனால் மறுப்பின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்காத வாசிப்பு அது.

ரிசர்வ் வங்கிக்கு இதில் ஒரு பைசா நட்டமில்லை. பூக்காரம்மாவுக்கு உண்டு. காலையில் ஐந்தாறு பேர் பத்து ரூபாய்க் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுத்தால் முழம் விற்காது; வாங்கினால் திரும்பும் டெம்போவில் எடுக்க மாட்டார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு மறுக்கவே வழியில்லை. ஊரில் ஓடாத காசெல்லாம் தருமமாக அவர் தட்டில் வந்து விழுகிறது. ஐம்பது பைசா இன்றைக்கும் சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30உடன் ஒழிக்கப்பட்டது இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். ஆனால் ஐம்பது பைசாவைத் தெரு எப்போதோ ஒழித்துவிட்டது. அது கடைசியாக யார் கையில் செத்தது என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

காசுக்கு இன்னொரு பரிமாணம் உண்டு. அது கையிலிருந்து கைக்குப் போக வேண்டியது. தலித்துகளிடமிருந்து காசைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னதும், தண்ணீர் தெளித்து எடுத்ததும், மீதியை மேலிருந்து போட்டதும் நம் கிராமங்களின் தீண்டாமை வரலாறு. அங்கே காசு செல்லும், நீட்டிய கைதான் செல்லாது. பணம் எல்லா வேறுபாடுகளையும் கரைத்துவிடும் என்று நம்பியவர்கள் இந்தத் தண்ணீர்த் தெளிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே 'ஓடாது' என்கிற தெருவின் தீர்ப்பைப் பொதுமக்களின் குரல் என்று வழிபட நான் தயாராக இல்லை. தெருவுக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது.

4

அப்படியானால் ஆள் பார்க்காத எந்திரம் மேலல்லவா? ரயில் நிலையத்து எடை எந்திரத்தில் ஒரு ரூபாய் போட்டால் விளக்குகள் மின்னி, சக்கரம் சுற்றி, எடையோடு ஜோசியமும் அச்சிட்ட அட்டை விழும். ஒரு ரூபாய்த் தொலைபேசிப் பெட்டி சாதி கேட்டதில்லை. உண்மை. ஆனால் எந்திரத்திடம் பேரம் இல்லை, 'நாளைக்குத் தரேன்' இல்லை. காசை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவதற்கு மேல் முறையீடு கிடையாது.

தமிழ்நாட்டரசின் மஞ்சப்பை எந்திரத்தைப் பாருங்கள். 2022இல் கோயம்பேடு சந்தையில் வைக்கப்பட்ட அதில் ஒரு பத்து ரூபாய்க் காசு, அல்லது இரண்டு ஐந்து ரூபாய்க் காசு போட்டால் துணிப்பை வரும். பல ஊர்க் கடைகள் வேண்டாம் என்று தள்ளிய அதே காசைத்தான் அரசின் எந்திரம் கொடு என்று கேட்டது! 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த காசு வழங்கும் எந்திரம் இன்னும் சுவாரசியமானது. முதலில் 12 நகரங்களில் சோதனை. நோட்டு போட்டுக் காசு எடுக்கும் பழைய எந்திரங்களில் கள்ள நோட்டும் நுழைந்ததால், புதியதில் நோட்டே வேண்டாம், கைபேசியில் சங்கேதக் கட்டத்தைப் படம் பிடித்து வங்கிக் கணக்கிலிருந்து செலுத்து, காசு விழும் என்றார்கள். அதாவது சில்லறை வேண்டுமென்றால் சில்லறையே தேவைப்படாத ஆளாக நீ முதலில் இருக்க வேண்டும்.

கைபேசிப் பணம் வந்த பிறகு மீதிப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். கைபேசி உள்ளவருக்குத் தீர்ந்தது. மீன் விற்கிற அம்மாவின் கூடையிலும் அந்தக் கட்டம் ஒட்டியிருக்கிறது; கணக்கு மகன் பேரில். முன்பெல்லாம் சுருக்குப்பையில் விழுந்து அவர் இஷ்டப்படி செலவான பணம், இப்போது அவர் கேட்டு வாங்க வேண்டிய பணம். சில்லறையோடு சேர்ந்து ஒரு சிறு சுதந்திரமும் போயிருக்கிறது.

5

செய்யக் கூடியவை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆயிரம் ரூபாய் வரம்பு மொத்த வியாபாரிகளுக்கு இருக்கலாமா என்று வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டும். அரசுப் பேருந்து, மின்துறை, ரேஷன் கடை இவற்றில் காசு தயங்காமல் வாங்கப்பட்டால் வதந்தி தானாக வலுவிழக்கும். ஏனென்றால் அப்போது 'அடுத்தவர்' யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வங்கிக் கிளைகளில் காசுக்கென்று தனி நேரம், தனி கவுன்டர் கேட்க வேண்டும். 'சரியான சில்லறை தரவும்' என்று எழுதிய பலகையை மாற்றி, 'சரியான மீதி தரப்படும்' என்று எழுதச் சொல்ல வேண்டும். மீதி தருவது வாங்குகிறவரின் பொறுப்பா, கொடுக்கிறவரின் பொறுப்பா என்று எந்தப் போராட்டக் குழுவும் இதுவரை கோரிக்கைப் பட்டியலில் சேர்த்ததாக நான் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை ஒரு தீர்மானமாக யாராவது முன்மொழியுங்கள்.