நிழல் இல்லாத ஆசாமி!
ஒட்டு வீடியோவின் குட்டை உடைக்கும் உப்பளத்து வெயில்

சாகுபுரம்,
செத்துப்போன அப்பா கல்யாண மேடையில் நிற்கிறார்! மகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார்! பார்க்கிற தாயாருக்குக் கண் கலங்குகிறது.

இப்படிப்பட்ட வீடியோக்கள் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் இப்போது சகஜம். பழைய படத்தில் இருந்து அப்பாவின் உருவத்தை வெட்டி எடுத்து, புது வீடியோவின் மேல் இன்னொரு அடுக்காக வைக்கிறார்கள். பக்குவமாகச் செய்தால் அழுகை வரும். அரைகுறையாகச் செய்தால் பந்தியில் சிரிப்புதான் வரும். "அப்பா தரையிலே நிக்கலையே, அந்தரத்திலே மிதக்குறாரே!" என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

ஏன் ஒட்டுவது இல்லை?

ஓரத்தைச் சரியாக வெட்டாததுதான் குறை என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். பெரிய கோள் சொல்லி, வெளிச்சம்!

சாகுபுரத்தைச் சுற்றி இருப்பது உப்பளங்கள். உச்சி வெயிலில் பாத்தி வரப்பில் நிற்கிற ஆள் மீது மேலே இருந்து மட்டும் வெயில் விழுவது இல்லை. உப்புக் குவியலில் பட்டுத் திரும்பிக் கீழே இருந்தும் அடிக்கிறது. தாடைக்கு அடியில் இருக்கிற நிழல்கூட வெளுத்துவிடும். அதே ஆளை ஸ்டூடியோவுக்குள் விளக்குப் போட்டுப் பிடித்து உப்பளத்தின் மேல் வைத்தால், கழுத்து மட்டும் கறுத்து நிற்கும். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களை இதிலே ஏமாற்ற முடியாது.

பக்கத்தில் திருச்செந்தூர். அங்கே கிழக்கே கடல், ராஜகோபுரம் மேற்கே. காலையில் கோபுரத்துக்கு எதிரே நின்று படம் எடுத்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். அந்தப் படத்தில் முகம் பளபளவென்று இருக்கிற ஆளை ஒட்டினால் எப்படி ஒட்டும்? அவருக்கு மட்டும் தனிச் சூரியனா? சாயங்காலம் எடுத்த கோபுரப் படத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

கைதேர்ந்த எடிட்டர் முதலில் பார்ப்பது வெயில் எந்தப் பக்கம் என்பதைத்தான். அப்புறம் காலடியில் நிழல். பாதத்தை ஒட்டிய இடத்தில் அழுத்தமாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் நிழல் விழ வேண்டும். அது இல்லாததால்தான் அப்பா மிதக்கிறார்!

அடுத்தது கறுப்பு. கடற்கரையில் தூரத்தில் தெரியும் எதுவும் முழுக் கறுப்பாக இருக்காது. காற்றில் இருக்கிற ஈரம் அதைச் சாம்பலாக்கிவிடும். தூரத்தில் வைக்கிற ஆளின் தலைமுடி மட்டும் மை போல இருந்தால் ஒட்டு பல்லை இளித்துவிடும்.

பச்சைத் திரை முன்னால் நிறுத்தி எடுப்பது இன்னொரு வழி. மனிதத் தோலில் பச்சை குறைவு. டிஜிட்டல் கேமரா பச்சையைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் பச்சையை மட்டும் நீக்குவது சுலபம். ஆனால் கல்யாணப் பெண் கிளிப்பச்சைப் பட்டு உடுத்தி அங்கே நின்றால் கதை கந்தல். புடவை இருக்க வேண்டிய இடத்தில் கடல் தெரியும்!

சின்னப்பா முதல் கமல் வரை

இந்த வித்தை நேற்று வந்தது அல்ல. 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்தார். ஊரே வாயைப் பிளந்தது. இரட்டை வேடத்துக்கு அந்தக் காலத்துத் தந்திரம் இதுதான்: கேமராவின் பாதிக் கண்ணை மறைத்து ஒரு பக்கம் படம் பிடிப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றி, அதே நடிகரை மறுபக்கம் நிறுத்துவார்கள். நடுக்கோடு தூணிலோ கதவு விளிம்பிலோ ஒளிந்துகொள்ளும். இடையில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும், விளக்கு மாறினாலும் போச்சு!

1996-ல் வந்த 'இந்தியன்' படத்தில் நேதாஜியோடு கமல்ஹாசன் தோன்றினார். 1994-ல் ஹாலிவுட்டில் 'பாரஸ்ட் கம்ப்' படத்தில் ஜனாதிபதி கென்னடியோடு டாம் ஹாங்க்ஸ் கை குலுக்கிய அதே வித்தை. இதில் எதிர்வேலை செய்ய வேண்டும். புதிதாக எடுத்த உருவம் பளிச்சென்று இருக்கக் கூடாது. பழைய பிலிமில் இருக்கிற குருணை, கீறல், நடுக்கம் எல்லாவற்றையும் அதற்கும் பூச வேண்டும். நல்லதைக் கெடுப்பதற்கும் கூலி உண்டு!

2023 டிசம்பரில் காலமான விஜயகாந்த், 2024-ல் வந்த 'கோட்' படத்தில் திரையில் தோன்றினார். தியேட்டரில் விசில் பறந்தது.

பிளாக்மெயில் கும்பல்

சினிமாவில் கைதட்டல் வாங்குகிற இதே வேலைதான் கயவர்கள் கையிலும் இருக்கிறது. கடன் ஆப் கும்பல்கள் பெண்களின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டியது ஊர் அறிந்த சங்கதி. அப்பா வீடியோவில் எல்லோருக்கும் ஒட்டு என்று தெரியும், சம்மதமும் உண்டு. இங்கே இரண்டும் கிடையாது.

பார்த்தவுடன் பதறாமல் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முகத்தில் வெயில் இடது பக்கம், கழுத்தில் வலது பக்கமா? சந்தேகம்தான். கடற்கரைப் படமா? சமமான மணலில் நிற்கிற, ஒரே உயரம் உள்ள இருவரைப் பாருங்கள். கடலும் வானமும் சேருகிற கோடு ஒருவர் கழுத்தில் வெட்டினால் அடுத்தவருக்கும் கழுத்தில்தான் வெட்ட வேண்டும். அவருக்கு மட்டும் இடுப்பில் வெட்டினால் அவர் அங்கே நிற்கவே இல்லை!

எல்லா ஒட்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் நாலு கை மாறி வரும்போது படம் நசுங்கி, வெட்டிய ஓரம் மறைந்துவிடுகிறது. பரிசோதனைக்கு முதலில் வந்த பைல்தான் உதவும். ஆகவே அவமானத்தில் வீடியோவை அழித்துவிடக் கூடாது. அனுப்பியவன் நம்பர், வந்த நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பணமும் அனுப்ப வேண்டாம். கொடுத்தால் மறுபடியும் கேட்பான்.

கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்ட மோசடி செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. ஆபாசம் பரப்பினால் 67-வது பிரிவும் பாயும். புகாருக்கு 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு நேரிலும் போகலாம்.