புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஆபத்தே!

மாணவர்களே, தம்போயில் நடக்கும் நம் திருமணங்களிலும் தாம்பூலத் தட்டு உண்டு. தட்டில் மங்கலப் பொருளாக இருக்கும் பாக்கு, தினமும் மென்றால் வாய்க்குப் பகையாகிவிடும்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்பகுதி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களைத் ‘தலை, கழுத்துப் புற்றுநோய்கள்’ என்கிறோம். மலேசியாவில் சீனர்களிடையே மூக்குத் தொண்டைப் புற்றுநோய் அதிகம். இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

“நான் புகையிலை சேர்ப்பதில்லையே!” என்று பாட்டி சொல்லலாம். ஆனால், பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருளால் கன்னத்தின் உட்புறம் நாளடைவில் நார்போல் இறுகும். வாயைத் திறப்பதே சிரமமாகும். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. உடனே அரசாங்கப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.