நோயாளியின் வரப்பட்டியல்

நாம் சில காலமாகப் பொதுக்கூட்டங்களுக்கு வாராதிருப்பதையும், வந்தாலும் மேடை ஏறாமல் கீழேயே ஒரு நாற்காலி தேடி அமர்ந்து விடுவதையும் கண்டு, நேயர் பலர் காரணம் கேட்டு எழுதியிருக்கின்றனர். சிலர் அதைப் பணிவென்று புகழ்ந்திருக்கின்றனர். வேறு சிலர் கர்வமென்று இகழ்ந்திருக்கின்றனர். இரண்டும் பிசகு. காரணம் நமது முழங்கால்.

நமக்கு வாய்த்திருப்பது சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் மூட்டு நோய். வெளிப்பகையினின்றும் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, சொந்த மூட்டுகளைப் பகையென்று மயங்கித் தாக்குவது இந்நோயின் இயல்பு. காவலுக்கு வைத்த சேவகன் ஊராரையே தடியால் அடிப்பதற்கு இது ஒப்பாகும். நமது நேயர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. இதை அடக்கி வைக்க மருந்துண்டு. வேரோடு களைய மருந்தில்லை. மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை வாரத்திற்கு ஒரே நாள் உட்கொள்ள வேண்டும். மறதியால் தினந்தோறும் விழுங்கினால் உயிருக்கே மோசம். ஆகவே நாம் ஏகாதசியை மறந்தாலும் மாத்திரைக் கிழமையை மறப்பதில்லை.

பத்திரிகாசிரியன் தன்னை 'நாம்' என்று எழுதிக்கொள்வது மரபு. முன்பு அது வெறும் மரபாகவே இருந்தது. இப்பொழுதோ எங்கே போனாலும் நோயும் யாமுமாக இருவர் போகிறபடியால், அச்சொல் இலக்கணப்படியும் சரியாகிவிட்டது.

ஆண்டவன் எதிரே தோன்றி, 'வேண்டும் வரம் கேள்' என்பானாகில், நோயைப் போக்கு என்றுதான் கேட்போம். அவ்வரம் கிடைக்கும் வரையில் காலம் தள்ள வேண்டுமன்றோ? அதற்கென்று சில சில்லறை வரங்களைப் பட்டியலிட்டிருக்கிறோம். நமது கட்சியைத் தயவுசெய்து பொறுமையாகக் கேட்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.

முதல் வரம்: பொழுது காலை பத்து மணிக்கு விடிய வேண்டும். துயிலெழுந்தபின் ஒரு மணி நேரத்திற்கு மேலாக நமது மூட்டுகள் விறைத்து நிற்கின்றன. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. வக்கீலின் வெள்ளைக் கழுத்துப்பட்டியோ அப்பீல். சூரியன் இதற்கு இணங்கானாகில், வானிலை நிலையத்தார் மழையை அறிவிப்பது போல வலியையாவது முந்தின நாளே அறிவிக்கட்டும். 'நாளை இடது மணிக்கட்டில் பரவலாகவும், வலது முழங்காலில் பலமாகவும்' என்ற செய்தியை முதற்பக்கத்தில் இலவசமாகவே பிரசுரிப்போம்.

இரண்டாம் வரம்: மாத்திரைப் பட்டை செய்யும் கம்பெனியாருக்கு ஒரு வாரம் மட்டும் நமது விரல்கள் கிடைக்க வேண்டும். விரல் வலிக்கு ஏற்பட்ட மாத்திரையை அந்தப் பட்டையினின்றும் பிதுக்கி எடுப்பதற்கு வலியில்லாத விரல் வேண்டியிருக்கிறது. பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புத்திசாலிகள் இவர்கள்.

மூன்றாம் வரம்: இலவச ஆலோசனைக்கு வரி விதிக்க வேண்டும். நம்மைக் காண வரும் கனவான்களில் ஒருவர் முடக்கத்தான் கீரையில் தோசை வார்த்துத் தின்னச் சொல்கிறார். இன்னொருவர் தோசையையே விடச் சொல்கிறார். மூன்றாமவர் மனம்தான் எல்லாவற்றிற்கும் மூலம் என்று உபந்நியாசம் செய்துவிட்டு, தமக்குப் பல்வலி என்று அவசரமாக டாக்டரிடம் புறப்படுகிறார். 'சாரைப் பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியவில்லையே!' என்று வியப்பவர் நான்காமவர். ஆலோசனை ஒன்றிற்கு ஒரு ரூபாய் வீதம் வசூலித்திருந்தால், இதற்குள் நகரத்து நூல்நிலையங்களுக்கெல்லாம் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்திருப்போம். இவர்களுடைய அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. அன்பு கொஞ்சம் வாய்மூடியிருந்து, நமது கைப்பையைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தால் இன்னும் நலம்.

நான்காம் வரம்: நெற்றியில் ஒரு வலிமானி. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய 1995ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. நன்று. ஆனால் வேலையில் இடஒதுக்கீடு போன்ற முக்கியமான சலுகைகளைப் பெற, நூற்றுக்கு 40 அளவாவது குறைபாடு உண்டென்று வைத்திய அதிகாரி சான்றளிக்க வேண்டும். நமது நோயின் பெயர் அந்த 21இல் தனியாக இல்லை. அங்க இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின்கீழ்த்தான் நுழைய வேண்டும். இதில் ஒரு சங்கடம். காலை ஆறு மணிக்கு அளந்தால் நாம் எண்பது. பகல் பன்னிரண்டு மணிக்கு அளந்தால் முப்பது. வைத்தியர் குழுவோ பகலில்தான் கூடுகிறது. விடியற்காலையில் நமது படுக்கையண்டை கூடுவார்களாயின், காப்பி நாம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம். டம்ளரைத் தூக்குவது மட்டும் அவர்கள் பொறுப்பு.

ஐந்தாம் வரம்: பொதுக்கட்டடம் கட்டிய எஞ்சினீயர் ஒவ்வொருவரும், திறப்புவிழா நாளன்று சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் கையாலேயே அதை உருட்டிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. நாம் கண்ட சாய்தளங்களில் ஒன்று மூன்று படிகளுக்கு அப்பால் தொடங்குகிறது. மற்றொன்று மலையேறும் பயிற்சிக்கு உகந்தது. வேறொன்று செவ்வையாகத்தான் அமைந்திருக்கிறது. அதன்மீது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன.

நேயர்கள் இதுகாறும் சிரித்திருப்பார்கள். சிரிக்க வேண்டும் என்பதே நமது விருப்பமும். இனி ஒரு விஷயம் சொல்லுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். கூலிவேலை செய்து வந்த அம்மாள். இதே நோய், நம்மினும் கடுமை. புருஷன் கைவிட்டபின் ஜீவனாம்சம் கோரித் தாமே மனுப்போட்டிருந்தார். நீதிமன்றம் மாடியில், லிப்ட் இல்லை. விசாரணை நாளன்று அவர் குறித்த நேரத்திற்கு முன்னதாகவே வந்து கீழ்ப்படியருகில் நின்றிருக்கிறார். மேலே அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது. 'இங்கே இருக்கிறேன் ஐயா' என்ற அவர் குரல் மேலே எட்டவில்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. பின்னர் நாம் வேறொரு மனுப்போட்டு அதை உயிர்ப்பித்தோம். அதற்குள் கழிந்த மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிந்ததென்று எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

அன்று அந்த அம்மாளைத் தோற்கடித்தது நோயா, படியா? ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் வருஷத்தில் ஏற்று, நமது நாடு 2007இல் உறுதிசெய்த உடன்படிக்கை இதற்கு விடை கூறுகிறது. உடற்குறையும் சமூகம் எழுப்பிய தடையும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் இயலாமை பிறக்கிறது என்பது அதன் கருத்து. நமது 2016ஆம் வருஷத்துச் சட்டமோ, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து வருஷங்களுக்குள் இருக்கிற பொதுக்கட்டடங்கள் யாவும் எல்லோரும் புகத்தக்கனவாக வேண்டுமென்றது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. தவணை 2022 ஜூனில் கழிந்துவிட்டது. விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது: 'செய்க' என்று சட்டம் ஆணையிட்ட இடத்தில், 'செய்தால் நலம்' என்னும் பாவனையில் அது வழிகாட்டுதல்களை அடுக்கியிருந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் அவ்விதி தாய்ச்சட்டத்திற்கே விரோதமானது என்று கூறி, மீறமுடியாத கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு சர்க்காருக்குக் கட்டளையிட்டனர். 'மாற்றுத்திறனாளி' என்று பெயரை அழகாக மாற்றினோம். பெயரை மாற்றிய வேகத்தில் படியை மாற்றினோமில்லை.

முடியாத காரியமோ இது? அமெரிக்காவின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், தமது 39வது வயதில், கால்கள் விழுந்தன. இளம்பிள்ளை வாதம் என்றனர் வைத்தியர். அவர் சாதாரண நாற்காலி ஒன்றுக்குச் சக்கரம் பூட்டச் செய்து, அதில் ஏறி உருண்டார். 1933 முதல் 1945 வரை அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்து ஒரு மகாயுத்தத்தையும் நடத்தினார். அவர் கால் குணமாகவில்லை. அவர் சென்ற இடங்களில் சாய்தளம் போட்டார்கள், அவ்வளவே. ஜனாதிபதிக்குப் போட்ட பலகையைக் கூலிக்காரப் பெண்ணுக்கும் போடுவதுதான் குடியரசு.

இப்பொழுது நமது பட்டியலை மறுபடி பார்ப்போம். பத்து மணிக்கு விடிவது ஆண்டவன் செயல். வலியை அளப்பதும் முன்னறிவிப்பதும் சாஸ்திரிகள் செயல். மற்றவைக்குத் தெய்வமும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும், அவர்களுக்கு உத்தரவிடும் ஓர் அதிகாரியும் போதும். அவை வரமல்ல, பார்லிமெண்ட் நிறைவேற்றிய உரிமை. உரிமையைப் பிரார்த்தனையாக வேண்டிப் பெறும் நிலை எந்தப் பிரஜைக்கும் தகாது.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரைக் கண்டிக்குமுன் நமது வாசலைப் பார்ப்போம். உங்கள் ஊர்க் கமிட்டி ஆபீஸுக்கு எத்தனை படி? வாசகசாலைக்கு எத்தனை? அடுத்த கூட்டத்தின் மேடை எவ்வளவு உயரம்? இந்த வாரமே எண்ணிப் பாருங்கள்; அடிக்குப் பன்னிரண்டு அடி கணக்குப் போட்டு, பலகையாவது போடுங்கள். பின்னர் தாலூகா ஆபீஸையும் நீதிமன்றத்தையும் அளந்து, அளவைக் கையிலெடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் செல்லுங்கள். நாமும் கூட வருகிறோம். பத்து மணிக்கு மேல் என்றால் சௌகரியம்.