மாற்று ஓட்டை விற்கும் கடை இல்லை

புதுப்பேட்டையில் பொறுமையாக அலைந்தால் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு கார்புரேட்டர்கூடக் கிடைத்துவிடும். மரை தேய்ந்த ஓட்டைக்கு மாற்று ஓட்டை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கதவின் உள்பக்க அட்டை, வாசற்படி அலுமினியப் பட்டை, வெயில் மறைப்பான் என்று காருக்குள் கண்ணில் படும் பலவற்றையும் பிடித்திருப்பவை சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். ஐம்பது வருடமாக யார் யாரோ கழற்றி மாட்டியதில் அவை இப்போது சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்ஜினுக்கு மெக்கானிக்கிடமும் பாடிக்கு டிங்கரிடமும் போய்விட்டு, இந்த ஓட்டைக்கு மட்டும் என்னைத் தேடி வருகிறார்கள். அந்த இருவரும் இதை ஒரு வேலையாகவே மதிப்பதில்லை என்பதுதான் காரணம்.

ஹெரால்டுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். 1959இல் இங்கிலாந்தில் வந்த கார் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. முழு பாடியையும் அழுத்திக் கொடுக்கும் நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், தயாரிப்பாளர்கள் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸியின் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். வெளிநாட்டுக்குப் பாகங்களாக அனுப்பிப் பூட்டுவதற்கும் அது தோதாக இருந்தது. 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூரிலும் ஹெரால்டு தயாரானது. துண்டுகளாகப் பூட்டிய பாடி குண்டும் குழியுமான ரோட்டில் லேசாக நெளியும். அந்த நெளிவு கடைசியில் வந்து சேருகிற இடம் ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பு.

அந்த விளிம்பில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். உள்பக்கத் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம். நாம் போடும் எட்டாம் நம்பர் ஸ்க்ரூ 4.2 மி.மீ. தடிமன்; அதில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.4 மி.மீ. அதாவது தகட்டைக் கவ்வியிருப்பது ஒரு முழுச் சுற்றுகூட இல்லை. எத்தனை நீளமான ஸ்க்ரூ போட்டாலும் இதே கணக்குதான். மிச்ச நீளம் பின்னால் காற்றில் நிற்கும். கதவாக இருந்தால் இறக்கிவிட்ட கண்ணாடியைக் கீறும்.

"சார், அடுத்த சைஸ் போட்டுடலாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்தாம் நம்பர் 4.8 மி.மீ.; போட்டால் இறுகும்தான். ஆனால் அதன் தலையும் பெரிது, பழைய கிண்ண வாசருக்குள் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும். நாளைக்கு அதுவும் வழுக்கினால் அதற்கடுத்த சைஸ். இப்படியே பென்சில் நுழைகிற அளவுக்கு விரிந்த ஓட்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டையைப் பெரிதாக்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

"முதல்ல இடப்பக்கமா திருப்புங்க தம்பி" என்பதுதான் என் பதில். ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்து, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றினால் ஓர் இடத்தில் 'டிக்' என்று விழும். பழைய தடத்தில் மரை உட்கார்ந்த சத்தம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். தேய்ந்ததாக நினைத்த ஓட்டை சில நேரம் இதிலேயே பிடித்துக்கொள்ளும். எடுத்த எடுப்பில் திருப்புளியை அழுத்திச் சுற்றுவதால்தான் ஒவ்வொரு முறையும் புதுத் தடம் வெட்டி, இருக்கிற தகடும் கிழிகிறது.

உண்மையிலேயே போய்விட்ட ஓட்டை என்றால் எனக்குப் பிடித்தது கிளிப் நட். ஸ்பிரிங் எஃகுத் தகட்டை 'யு' மாதிரி மடித்தது. தகட்டின் ஓரத்தில் செருகினால் ஓட்டைக்கு நேராக நின்று ஸ்க்ரூவைக் கவ்வும். இந்த வகை ஸ்பிரிங் நட்டுகளுக்கு வழி போட்டது கார்க்காரர்கள் அல்ல, அடுப்புக்காரர்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அடுப்பு செய்த டின்னர்மன் நிறுவனத்துக்கு, நட்டை முறுக்கும்போதெல்லாம் எனாமல் பூச்சு தெறித்துப்போகிற தலைவலி. இறுக்கத்தைத் தானே தாங்கும் ஸ்பிரிங் நட்டை 1920களில் கொண்டுவந்தார்கள். பிறகு கார் கம்பெனிகள் அள்ளிக்கொண்டன. நாளை வேண்டாமென்றால் உருவிவிடலாம், தகட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. பழைய காரில் எதைச் செய்தாலும் திரும்பப் பிரிக்க வழி வைத்துச் செய்வது நல்லது.

ஓரம் எட்டாத இடத்தில் ரிவெட் நட். நான்கு மி.மீ. மரைக்கு 6 மி.மீ. ஓட்டை போட வேண்டும். கருவியால் இழுத்தால் நட்டு தகட்டின் பின்னால் புடைத்துப் பிடிக்கும். உறுதியானது, ஆனால் ஓட்டை கால் மி.மீ. கூடினாலும் நட்டே சேர்ந்து சுற்றும். பிறகு வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடும். துருப்பிடித்த தகட்டில் இதைப் போடவே கூடாது. அங்கே பின்னால் செப்புத் துண்டை அணைத்துப் பிடித்து, ஓட்டையை வெல்டிங்கால் அடைத்து, ராவிச் சமன்செய்து, புதிதாக 3.2 மி.மீ. ஓட்டை போடுவதே சரி. வெல்டிங் உருக்கு செம்பில் ஒட்டாது. ரெக்சின், கார்பெட் எல்லாவற்றையும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். முடிந்ததும் விளிம்புக்கு ரெட் ஆக்சைடு.

கதவு அட்டை வேறு கதை. அங்கே கெட்டது தகடு அல்ல, அட்டைதான். மழை பெய்யும்போது கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் கதவுக்குள் போய், அடியில் உள்ள துளைகளால் வெளியேறும். கார் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அட்டையைக் காக்க இடையில் ஒரு பாலிதீன் தாள் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் என்றோ கிழித்துப் போட்டிருப்பார். அட்டை தண்ணீர் குடித்து உதிரும். நன்றாகக் காயவைத்து, ஓட்டையைச் சுற்றி அரால்டைட் ஊறவிட்டு, பின்பக்கம் பருத்தித் துணித் துண்டு ஒட்டினால் சில வருடம் தாங்கும். பாதிக்குமேல் உதிர்ந்திருந்தால் புது ஹார்டுபோர்டு வெட்டுவதே மலிவு. எதைச் செய்தாலும் அந்தத் தாளையும் அடியிலுள்ள துளைகளையும் முதலில் கவனியுங்கள்.

மரச் சட்டமா? மூங்கில் குச்சியும் ஃபெவிகாலும் போதும். ஒரு நாள் காயவிட்டு ஸ்க்ரூ போடுங்கள்.

இவ்வளவும் வெறும் அலங்காரத்தைத் தாங்கும் ஓட்டைகளுக்கு மட்டும். சீட், கதவுக் கீல், சீட் பெல்ட் மூன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சீட் பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்டின் வழக்கமான அளவே 7/16 அங்குலம். அதன் பின்னால் கனத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். "எம்-சீல் வெச்சு அடைச்சுக் குடுங்க சார்" என்று அதற்கும் ஒருவர் வந்தார். நல்ல வெல்டர் ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.