கோட்டம் எடுத்த வில்

காதுவரை இழுக்க இழுக்கக் கனம் கூடும். அது பழைய வில். இந்தக் காம்பவுண்ட் வில் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுக்கும். இரு முனைகளிலும் உள்ள, மையம் தப்பிய ‘கேம்’ சக்கரங்களின் வேலை அது. 27 கிலோ இழுவிசையில் 75 சதவீதம் தளர்ந்தால், குறிபார்க்கும்போது விரல்கள் தாங்குவது ஏறக்குறைய 7 கிலோதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த 1960களில், அமெரிக்காவின் மிசௌரியில் ஹாலஸ் வில்பர் ஆலன் இதை உருவாக்கினார். காப்புரிமை கிடைத்தது 1969இல்.

டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய ஊர் அம்பத்தூர். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு வில்லைச் சரிசெய்வது எளிதில் புரியும். முதலில் வில்லாளியின் கை நீளத்துக்கு ஏற்ப இழுப்பு நீளம். பிறகு கேம்கள்: இரண்டும் ஒன்றாகச் சுழன்று ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் ஆடும்.

அந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரு காகிதம். சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்வார்கள். சுத்தமான துளை என்றால் அம்பு நேர். கிழிசல் மேல்நோக்கிப் போனால், நாணில் அம்பு பொருந்தும் இடத்தை இம்மியளவு இறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

போட்டியில் இலக்கு 50 மீட்டர் தூரம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் காம்பவுண்ட் தங்கம் ஐந்தும் இந்தியாவுக்கே.

அம்பில்லாமல் நாணை விட்டால் வில்லே பிளந்துபோகலாம். இந்த வில்லைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பது அதனால்தான்.