செவிக்குப் பழகாத புதுமை

நூலைத் தேடிக் கண்டெடுத்தல் ஓர் ஆற்றல். கண்டெடுத்த நூலின் தரத்தை உள்ளவாறு உரைத்தல் பிறிதோர் ஆற்றல். பண்டிதர் மரபிலே பயின்ற எம்மனோர்க்கு இவற்றுள் இரண்டாவது எளிதென்றே தோன்றும். நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் நன்னூலார் எண்ணி வைத்துப் போயிருக்கிறார். அளவுகோல் கையிலிருக்க அளப்பதற்கு என்ன தடை என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை அசைத்தது இலக்கண நூலுமன்று, உரைநூலுமன்று. ஆங்கிலக் கவிஞர் ஒருவர் ஜாஸ் இசைபற்றி எழுதிய கட்டுரைகளின் தொகுதி.

பண்டிதனுக்கும் ஜாஸுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் நகைத்தல் கூடும். அந்த இசை எம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமன்று. 1958இல் டேவ் புரூபெக்கும், 1963இல் டியூக் எலிங்டனும் தத்தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றனர். ஆயினும் நான் அதனை நாடிச் சென்றவனல்லன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், "பண்டிதர், உங்களைப் போல ஒருவர் இதுக்குள்ளே இருக்கிறார், வாசித்துப் பாருங்கோ" என்று கூறி அந்த நூலை என் கையில் தந்தார். அவர் சொன்னது புகழோ வசையோ என்று அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

நூலகர் கண்டெடுத்த நூல்கள்

நூலின் பெயர் 'ஓல் வட் ஜாஸ்'. வெளிவந்த ஆண்டு 1970. ஆசிரியர் பிலிப் லார்க்கின். 1922இல் கொவென்றி நகரிற் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டில் ஆங்கில இலக்கியம் பயின்று, 1943 முதல் நூலகப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 1955 தொடக்கம் 1985இல் இறக்கும்வரை ஹல் பல்கலைக்கழகத்தின் நூலகராய் இருந்தார். முதிர்ந்த பருவத்தில் வெளியிட்ட மூன்று சிறு கவிதைத் தொகுதிகளே அவருடைய புகழுக்கு அடிப்படை.

நூல்களின் நடுவே வாழ்ந்த இவர் அவற்றைத் தெரிந்தெடுத்த முறை கவனிக்கத்தக்கது. பெரிய இலக்கியம், சிறிய இலக்கியம் என்னும் வரம்பை அவர் பொருட்படுத்தவில்லை. டிக் பிரான்சிஸ் குதிரைப் பந்தயக் களத்தைச் சூழ்ந்து எழுதிய மர்ம நாவல்களையும், கிளாடிஸ் மிச்செலின் துப்பறியும் கதைகளையும் விரும்பிப் படித்தார். அத்தகைய நூல்களைப் பற்றி எழுதும்போதும் கவிதையைப் பற்றி எழுதும் அதே கருத்தோடு எழுதினார். இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைகளைத் தொகுத்து 1973இல் வெளியிட்டபோது, தோமஸ் ஹார்டிக்குப் பேரிடம் கொடுத்தார். "படிக்கும்போது இன்பம் பிறந்ததா?" என்பதே அவர் ஒவ்வொரு நூலையும் நோக்கிக் கேட்ட முதல் வினா.

அவ்வினாவினால் விளைந்த பெரும் நன்மை ஒன்று உண்டு. பார்பரா பிம் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1950 முதல் 1961 வரை ஆறு நாவல்களை வெளியிட்டார். கோயிற்பற்றுக் குருமார், மணமாகாத மங்கையர், தேநீர் விருந்து, சிறு ஏமாற்றங்கள் ஆகியவையே அவற்றின் பொருள். 1963இல் ஏழாவது நாவலைப் பதிப்பாளர் மறுத்தனர். காலத்துக்கு ஒவ்வாதவர் என்று கருதப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் நூலொன்றும் புதிதாக வெளிவரவில்லை. லார்க்கின் 1961 முதல் அவருக்குக் கடிதம் எழுதி வந்தார். பதிப்பாளரிடம் பரிந்து பேசினார். இருவரும் நேரிற் கண்டதோ 1975இலேதான். 1977 சனவரியில் 'ரைம்ஸ்' இலக்கிய இதழ், போதிய மதிப்புப் பெறாத எழுத்தாளர் யாவர் என்று அறிஞர் பலரைக் கேட்டது. லார்க்கினும் டேவிட் செசில் பிரபுவும் ஒருவர் சொன்னதை ஒருவர் அறியாமல் பிம்மின் பெயரையே கூறினர். உயிரோடிருந்த எழுத்தாளருள் இருமுறை பெயர் பெற்றவர் அவர் ஒருவரே. அவ்வாண்டிலேயே 'குவாற்றெற் இன் ஓற்றம்' என்னும் நாவல் அச்சேறியது. புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்பரிசுக்கு அவ்வாண்டு நடுவர் குழுவின் தலைவர் லார்க்கினே. எனினும் பரிசு பிம்முக்குச் செல்லவில்லை. ஆங்கில ஆட்சி நீங்கியபின் இந்திய மலைநகரொன்றில் தங்கிவிட்ட முதிய தம்பதியரைப் பற்றிப் போல் ஸ்கொட் எழுதிய 'ஸ்ரேயிங் ஒன்' நாவலே அதனைப் பெற்றது.

நல்ல நூலறிஞர் ஒருவருக்கு வேறென்ன வேண்டும்? பிறர் மறந்ததைக் கண்டெடுத்தார். பிறர் இழித்ததைப் படித்தார். நடுவராய் அமர்ந்தபோது நடுநிலை தவறவில்லை. இத்தகைய ஒருவர் தாம் உயிரினும் மேலாக நேசித்த கலையிலே எவ்வாறு இடறினார் என்பதே என்னை நெடுநாள் சிந்திக்கவைத்தது.

ஜாஸ் இசையில் நேர்ந்தது

லார்க்கினுக்கு ஜாஸ் மீது இளமையிலேயே காதல். மகனின் ஆசையை அறிந்த பெற்றோர் சிறு முரசுத் தொகுதி ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். லூயி ஆம்ஸ்ரோங்கின் எக்காளமும் சிட்னி பெஷேயின் சக்ஸபோனும் அவருடைய இளமைச் செல்வங்கள். பெஷேயைப் போற்றிக் கவிதையும் பாடினார். 1961 முதல் 1971 வரை 'டெயிலி ரெலிகிராப்' நாளிதழில் ஜாஸ் இசைத்தட்டுகளை மதிப்பிட்டு எழுதி வந்தார். அக்கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கும்போது எழுதிய முன்னுரையிலேதான் தம் மனத்திலிருந்ததை முற்றாக வெளியிட்டார்.

சார்லி பார்க்கரோடு ஜாஸ் கெட்டுவிட்டது என்பது அவர் தீர்ப்பு. பார்க்கரைத் தனியே நிறுத்தவுமில்லை. கவிதையில் எஸ்ரா பவுண்ட், ஓவியத்தில் பிக்காசோ, இசையில் பார்க்கர் என மூவரையும் ஒரே கூண்டில் ஏற்றினார். இவர்கள் சுவைஞரின் இன்பத்தை மறந்து, ஆராய்ச்சியாளருக்காகக் கலை படைத்தனர் என்பது குற்றச்சாட்டு. 1967இல் ஜோன் கொல்ற்றேன் இறந்தபோதும் அவரைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார்.

இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடலாகாது. யமகமும் திரிபும் சித்திரகவியும் பாடி, உரையின்றி ஒருவரும் அணுகவொண்ணாத நூல்களை இயற்றிய மரபு எம்முடையது. அரும்பதத்துக்காகவே அரும்பதம் தேடிய புலவரைக் கண்டு சலித்த மாணவன் லார்க்கினை மெச்சுவான். நானும் முதற்படிப்பில் மெச்சினேன்.

பின்னர் நண்பரின் வீட்டில் இருந்து அவ்விசையைக் கேட்டேன். ஆம்ஸ்ரோங் 1925இல் சிக்காகோவில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கிய ஐவர் குழுவின் இசை அன்றே பிடித்துவிட்டது. திருவிழா இரவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அக்களிப்பு புதிதன்று. அடுத்து, பார்க்கர் 1945 நவம்பரில் நியூயோர்க்கில் பதிவு செய்த 'கோ-கோ'வைக் கேட்டேன். சிதறிய பாக்குப் போல் எங்கும் சுரங்கள். பிடிப்பதற்கு மெட்டு ஒன்றுமில்லை. "லார்க்கின் சொன்னது சரிதான்" என்றேன். நண்பர் மறுமொழி கூறாமல் 'செரோகி' என்னும் பழைய பாட்டை வைத்தார். 1938இல் றே நோபிள் என்னும் ஆங்கிலேயர் அமைத்த இனிய பாட்டு அது. "இரண்டும் ஒரே பாட்டுத்தான்" என்றார்.

அதன் நுட்பம் இது: மேலைத்தேயப் பாட்டில் மெட்டுக்கு அடியிலே சுரக்கூட்டுகள் ஒரு வரிசையாக ஓடும். பார்க்கர் பழைய மெட்டை நீக்கிவிட்டு, அந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் முற்றும் புதிய இசையைக் கணந்தோறும் கட்டிச் செல்கிறார். இதனைக் கேட்டதும் எனக்குக் கட்டளைக் கலித்துறை நினைவுக்கு வந்தது. நேரசையில் அடி தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. அவ்வரம்பு மாறாது, அதனுள்ளே சொல்லும் பொருளும் புலவனுக்குப் புலவன் வேறு. பார்க்கர் யாப்பை உடைத்தவரல்லர். யாப்பைப் பிறர் எவரினும் இறுகப் பற்றியவர். பல மாலைகள் மீண்டும் மீண்டும் கேட்டபின், அச்சிதறிய சுரங்களினூடே அடியும் சீரும் தெரியலாயின.

இது லார்க்கினின் செவிக்கு ஏன் எட்டவில்லை? ஊன்றி நோக்கினால் குற்றம் அவரது மட்டுமன்று. 1930களின் நடுப்பகுதி தொடக்கம் 1950களின் நடுப்பகுதிவரை, இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களிடையே இருந்த பிணக்கினால், அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பிரித்தானியாவில் வாசிப்பது பெரும்பாலும் தடைப்பட்டிருந்தது. ஆம்ஸ்ரோங்கே 1956இலேதான் மறுபடி அங்கே வந்தார். ஆதலின் லார்க்கினின் தலைமுறையினர் ஜாஸை அறிந்தது பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டு வாயிலாகவே. மேலும், 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவைப் புறக்கணிக்கத் தொடங்கியது. பெருங் கம்பனிகள் இரண்டு 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. பார்க்கரும் தோழரும் நியூயோர்க்கின் இரவு விடுதிகளிலே புதிய முறையை உருவாக்கிய காலம் அதுவே. அதன் இடைப்படிகள் பெரும்பாலும் தட்டில் ஏறவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவர்க்குப் புதுமை வளர்ந்து முடிந்தபின்னரே வந்து சேர்ந்தது. தவழ்ந்ததும் நடந்ததும் காணாதவர், வளர்ந்த பிள்ளையை "இவன் எங்கள் வீட்டுப் பிள்ளையல்லன்" என்று சொல்வது போன்றது இது.

ஆனால் அதுமட்டுமே காரணம் என்றும் சொல்ல இயலவில்லை. பழைய கறுப்பினக் கலைஞர் அவையை மகிழ்விக்க வாசித்தனர். புதியவர் அவைக்கு முதுகு காட்டினர் என்பது லார்க்கினின் மற்றொரு குறை. சிரித்து மகிழ்விப்பவராய் இருக்க மறுத்து, கலைஞராய் மதிக்கப்பட விரும்பியவர் அவர்கள். 1992இல் லார்க்கினின் கடிதங்களும் மறு ஆண்டில் அவர் வாழ்க்கை வரலாறும் வெளிவந்தபோது, அக்கறுப்பின மக்களைப் பற்றி அவர் தனிப்பட எழுதிய இழிசொற்களை உலகம் கண்டது. ஒரு மக்களின் இசையை உயிராய் நேசித்து, அம்மக்களையே இகழ்தல் எவ்வாறு இயலும்? இவ்வினாவை எழுப்பிய பின்னர் என்னைத் தப்பவிட்டு மேலே செல்ல என்னால் முடியவில்லை.

எம்மிடையே

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய பெரும் விவாதம் நிகழ்ந்தது. புனைகதையிலே பேச்சு வழக்கைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரை மரபுவாதிகள் எதிர்த்தனர். 'இழிசனர் வழக்கு' என்று பெயரிட்டு அவர்தம் எழுத்தை ஒதுக்கினர். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்ற காலம் அது. அவ்விவாதம் நான் பிறக்குமுன் நிகழ்ந்தது. என் ஆசிரியர் வாயிலாகக் கேட்டேன். கேட்டு, தயக்கமின்றி மரபின் பக்கம் நின்றேன்.

1994இல், நான் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், கடற்கரைக் கிராமத்து மாணவன் ஒருவன் கொப்பியிலே சிறுகதை எழுதிக் கொண்டுவந்து தந்தான். தொழிலுக்குப் போன மகன் திரும்பாத இரவில் ஒரு தாய் அயலவளோடு பேசுவதே கதை. பேச்சு முழுவதும் அவன் ஊர்ப் பேச்சு. நான் சிவப்பு மையினால் சொல்லுக்குச் சொல் திருத்தினேன். அத்தாயின் வாயில் செந்தமிழை வைத்தேன். அடியில் 'கொச்சை நீக்குக' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவன் "ஓம் சேர்" என்று வாங்கிப் போனான். பிறகு ஒன்றும் கொண்டுவரவில்லை. அது குறித்து நான் கவலைப்பட்டதுமில்லை. தமிழுக்குத் தொண்டு செய்ததாகவே எண்ணினேன்.

லார்க்கினைப் படித்த பின்னரே அந்தக் கொப்பி நினைவுக்கு வந்தது. அத்தாயின் பேச்சிலும் ஒரு யாப்பு இருந்திருக்கும். நின்று நின்று வரும் சொல்லிலே அவள் அச்சம் இருந்திருக்கும். அதனைக் கேட்பதற்கு முன்னரே நான் திருத்திவிட்டேன். நன்னூலார் தந்த அளவுகோலில் குற்றமில்லை. அளக்கப்படும் பொருள் இன்னதென்று அறியுமுன் அளந்ததே குற்றம்.

இன்பம் பிறக்கிறதா என்று கேட்கும் லார்க்கினின் வினாவை நான் விட்டுவிடவில்லை. அவ்வினாவே பார்பரா பிம்மை மீட்டுத் தந்தது. ஆம் என்று விடை வந்தால் அதனை நம்பலாம்; உரத்துச் சொல்லலாம். இல்லை என்று விடை வந்தால், அது நூலின் குறையா, என் பழக்கத்தின் குறையா என்று இன்னொரு முறை கேட்கவேண்டும். பார்க்கரை ஏழெட்டு மாலைகள் கேட்க எனக்குப் பொறுமை இருந்தது. மாணவன் கதையை இருமுறை படிக்க இருக்கவில்லை.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அவனும் வந்திருந்தான். நரை தோன்றிவிட்டது. அக்கதையைப் பற்றி வினவினேன். 1995 இடப்பெயர்விலே கொப்பிகள் எல்லாம் போயிற்று என்றான். "நினைவிலிருந்து எழுதித் தாரும்" என்றேன். "எந்தத் தமிழிலே சேர்?" என்று சிரித்தான். "அந்த அம்மா பேசின தமிழிலே" என்றேன். சிரிப்பை நிறுத்தி என்னைச் சிறிது நேரம் பார்த்தான். எழுதுவதாகச் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் காத்திருக்கிறேன்.