வீதியோரப் புல் வெட்டும் வேலை: கூலியைக் கணக்கிடுவது எப்படி?

மாரி மழை ஓய்ந்ததும் வீதியோரங்களில் புல் இடுப்பளவுக்கு எழுந்து நிற்கும். தை மாதமளவில், "இந்த வீதியைத் துப்புரவாக்கித் தர எவ்வளவு கேட்கிறீர்கள்?" என்ற கேள்வி கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு வந்து சேரும். காணி இன்னும் விடுபடாத குடும்பங்களுக்கும், ஊர் திரும்பியும் கிணறும் வரம்பும் சீராகாத குடும்பங்களுக்கும் இது கையில் காசு வரக்கூடிய வேலை. ஆனால் வாயில் வந்த தொகையைச் சொல்லிவிட்டால் உழைப்பு வீணாகிவிடும்.

இதை நாம் பட்டறிந்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், மீள்குடியேறிய 6 பேர் கொண்ட குழுவொன்றுக்கு 4 கிலோமீற்றர் வீதியோரத்தைக் கையால் வெட்டும் வேலை கிடைத்தது. மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. மோட்டார் சைக்கிளில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு 5 நாள் என்று எழுதினோம். 11 நாள் சென்றது. அருவி வெட்டுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியில் பாதிகூட எவருக்கும் கிடைக்கவில்லை. "சுவாமி எழுதினது சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சம்" என்றார் ஒரு தாய். அந்தச் சொல் இன்னும் எம்மை உறுத்துகிறது.

எங்கே பிழைத்தோம்? நாம் நீளத்தைப் பார்த்தோம், பரப்பளவைப் பார்க்கவில்லை. ஒரு கிலோமீற்றர் வீதியில் இரு பக்கமும் இரண்டிரண்டு மீற்றர் அகலத்துக்கு வெட்டினால் அது 4,000 சதுர மீற்றர். ஏறக்குறைய ஓர் ஏக்கர். யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு. "ஒரு கிலோமீற்றர்தானே" என்று சொல்லும் அதே கமக்காரரிடம், "பதினாறு பரப்புப் பற்றையை வெட்டித் தருவீரா?" என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிந்துகொண்டுதான் பதில் சொல்வார்.

ஆகவே முதலில் வீதியை நடந்து பார்க்கவேண்டும். நாடாவால் அகலத்தை அளந்து, எங்கே வெறும் புல், எங்கே இலுக்கும் பற்றையும், எங்கே மதகுச் சரிவு என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் 50 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலமான துண்டொன்றை, அதாவது 100 சதுர மீற்றரை, ஒருவர் வழக்கமான வேகத்தில் வெட்ட எத்தனை நிமிடம் செல்கிறதென்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். புல்லில் ஒரு தடவை, பற்றையில் ஒரு தடவை. குழுவிலே மிக வல்லவரை விட்டுப் பார்க்கவேண்டாம். அவருடைய வேகம் மற்றவர்களுக்கு வராது.

உதாரணமாக 3 கிலோமீற்றர் வீதியை இயந்திரத்தால் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 சதுர மீற்றர். அதில் 8,000 புல், 4,000 பற்றை. சோதனையில் 100 சதுர மீற்றர் புல்லுக்கு 12 நிமிடமும் பற்றைக்கு 30 நிமிடமும் சென்றன என்றால், புல்லுக்கு 16 மணித்தியாலம், பற்றைக்கு 20, மொத்தம் 36 மணித்தியாலம். இதை எட்டால் வகுத்து நாலரை நாள் என்று எழுதுவதுதான் பலரும் விடும் பிழை. எட்டு மணித்தியால வேலைநாளில் இயந்திரம் புல்லில் நிற்பது ஐந்து மணித்தியாலம் இருந்தாலே பெரிது. பெற்றோலும் ஒயிலும் கலக்கவேண்டும், அறுந்த தங்கூசியை மாற்றவேண்டும், தேநீர் குடிக்கவேண்டும், கை விறைத்தால் ஆறவேண்டும். வாகனம் வரும்போதெல்லாம் நிறுத்தவும் வேண்டும். தெறிக்கும் கல் ஒரு கண்ணாடியை உடைத்தால் அன்றைய கூலி போய்விடும். 36ஐ ஐந்தால் வகுத்தால் 7 நாளுக்கு மேல். மழைக்கும் சேர்த்து 8 நாள்.

ஓர் இயந்திரத்துக்கு ஓராள் போதாது. வெட்டுபவர், வெட்டியதைக் கூட்டி அள்ளுபவர், சிவப்புக் கொடியுடன் வீதியைப் பார்ப்பவர் என மூவர் வேண்டும். 8 நாளுக்கு 24 ஆள்நாள். நாட்கூலி 2,500 ரூபா என்று வைத்தால் 60,000 ரூபா. மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் வீதம் 27 லீற்றர் பெற்றோல்; லீற்றர் 300 ரூபாவானால் 8,100. ஒயிலுக்கு 2,000, தங்கூசிக்கும் அலகுக்கும் 3,000, ஏற்றி இறக்கும் செலவு 5,000. இயந்திரத் தேய்மானத்தையும் மறக்கவேண்டாம். 60,000 ரூபா இயந்திரம் 600 மணித்தியாலம் உழைக்குமென்றால் மணித்தியாலத்துக்கு 100 ரூபா, 36க்கு 3,600. கூட்டினால் 81,700. எதிர்பாராத செலவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 89,870. கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 30,000 ரூபா. விலைகளும் நிமிடங்களும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும். கணக்கின் வழி மாறாது. நாலரை நாள், ஓராள் கூலி, பெற்றோல் என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்று கிலோமீற்றருக்கும் சேர்த்து 19,350 ரூபாதான் கேட்டிருப்போம்!

கூலியை எழுதும்போது இரண்டு விடயங்கள். இந்த வேலை பெரும்போக அருவி வெட்டுக் காலத்தில் வருவது வழக்கம். அப்போது வயலில் என்ன கூலியோ அதையே எழுதுங்கள். வேலையில்லாக் காலத்துக் கூலியை அல்ல. அடுத்தது, கூட்டி அள்ளுவோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் குறைத்து எழுதும் பழக்கம் எம் சங்கங்களிலும் உண்டு. வெயிலும் முள்ளும் இருவருக்கும் ஒன்றே. கூலியும் ஒன்றாகவே இருக்கட்டும். "அவர்கள் சம்மதித்தார்கள்தானே" என்பது பதிலாகாது. சம்மதம் மட்டுமே கூலியை நீதியாக்கிவிடாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே எழுதிவிட்டார்.

பாத்தீனியம் உள்ள இடத்தைத் தனியாகக் குறியுங்கள். பூக்குமுன் வெட்டவேண்டும், கையுறை வேண்டும், மாட்டுக்குப் போடக்கூடாது. விரியன் பாம்புகள் இருப்பதால் சப்பாத்தின்றி இறங்கவேண்டாம்; சப்பாத்தின் விலையையும் செலவில் சேருங்கள். கடித்தால் தாமதியாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். இயந்திரம் ஓடும்போது மற்றவர்கள் 15 மீற்றர் தள்ளி நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னர் மிதிவெடி. வடக்கில் அகற்றும் பணி முற்றாக முடியவில்லை. அந்த வீதியோரம் துப்புரவாக்கப்பட்டதென்று கிராம அலுவலர் ஊடாக உறுதிப்படுத்தாமல் விலையே சொல்லவேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள். அந்த இடத்துக்கு எந்தக் கூலியும் கணக்கில் இல்லை.

இறுதியாக, காசு வேலை முடிந்த உடனே வராது. மேற்சொன்ன கணக்கில் பெற்றோல், ஒயில், தங்கூசி, ஏற்றுக்கூலிக்கு மட்டும் 18,100 ரூபா முதலிலேயே வேண்டும். அதை வட்டிக்கு எடுத்தால் வட்டியும் செலவே. முற்பணம் கேளுங்கள். வேலை தருபவரின் ஆளோடு சேர்ந்து வீதியை அளந்து, அகலம், நீளம், எத்தனை தடவை வெட்டுவது, வெட்டிய புல்லை அகற்றுவது யார் என்பதை எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே கத்தியை எடுங்கள்.